போட்டோஷாப்பில் திருத்தி, இருட்டறையில் பிரிண்ட் போடலாமா?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: அப்பா நடத்திய ஸ்டுடியோவில் பழைய என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் கருவி), டிரே, சிவப்பு விளக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவர் எடுப்பது முழுக்க டிஜிட்டல். போட்டோஷாப்பில் திருத்திய படத்தை இருட்டறையில் பிரிண்ட் போட வழி உண்டா? போட்டால் அதைக் கைப்பிரிண்ட் என்று சொல்லலாமா? எங்கிருந்து தொடங்குவது?

வழி உண்டு தம்பி, ஒன்றுக்கு நாலாக உண்டு. ஆனால் எந்த வழியில் போனாலும் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்வது, எதை இருட்டறைக்கு விடுவது? இதைப் பிரிக்காமல், திரையில் பளிச்சென்று தெரிந்த படத்தை அப்படியே கொண்டுபோய்க் காகிதத்தில் இறக்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். திரைக்காகத் திருத்துவது வேறு, காகிதத்துக்காகத் திருத்துவது வேறு. கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

கைப்பிரிண்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். திருத்துவது கம்ப்யூட்டரோடு வந்த பழக்கம் இல்லை. 1857-இல் ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாகப் பிரிண்ட் போட்டார். அடுத்த ஆண்டே ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களிலிருந்து ஒரு படம் செய்தார். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் டச்சிங் வேலைக்கென்றே ஆள் இருந்தார்கள். சாய்வான மேசை, நடுவில் பால் கண்ணாடி, அதன் கீழே வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் முகக் கண்ணாடி. நெகட்டிவை அதன்மேல் வைத்து, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் எமல்ஷன் பக்கம் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழுள்ள கருப்பும் அப்படித்தான் மறைந்தன. அந்த மேசை உங்கள் அப்பாவின் ஸ்டுடியோவில் இன்னும் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். டிஜிட்டல் நெகட்டிவை, அதாவது கம்ப்யூட்டர் படத்தைத் தெளிவான ஃபிலிம் ஷீட்டில் அச்சடித்துச் செய்யும் நெகட்டிவைப் பரிசோதிக்க, அதைவிட நல்ல சாதனம் கிடையாது.

ஆகவே, கம்ப்யூட்டரில் திருத்தியதால் பிரிண்டுக்கு எந்தக் குறையும் வராது. பின்பக்கம் பென்சிலால் ‘டிஜிட்டல் நெகட்டிவிலிருந்து சயனோடைப் காண்டாக்ட் பிரிண்ட்’ என்று எழுதி, காகிதத்தின் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள். (சயனோடைப் என்பது, புற ஊதா வெளிச்சம் பட்டால் நீலமாகும் இரும்பு உப்பைக் காகிதத்தில் பூசிச் செய்யும் பழைய முறை.) என்ன செய்தோமோ அதை அப்படியே சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியது இருக்காது.

இப்போது வழிகள். ஒரு வழியில் நீங்கள் ஏற்கனவே போய்க்கொண்டிருக்கிறீர்கள். கல்யாண ஆல்பத்துக்காக ஈரோட்டிலோ கோயம்புத்தூரிலோ கலர் லேபுக்கு ஃபைல் அனுப்புகிறீர்களே, அங்கே உள்ள பல மெஷின்கள் வெள்ளி உப்பு பூசிய சில்வர் ஹாலைடு காகிதத்தின் மேல் லேசரால் எழுதி, ரசாயனத் தொட்டிகளில் கழுவித்தான் பிரிண்டை வெளியே தள்ளுகின்றன. டிஜிட்டல் ஃபைலும் வெள்ளி உப்பும் 1990களிலிருந்தே சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் அதில் உங்கள் கைக்கு வேலை இல்லை, அதனால் இதை இங்கேயே விட்டுவிடலாம்.

அப்பா எடுத்த பழைய நெகட்டிவ்கள் இருந்தால் இரண்டாவது வழி உங்களுக்கு. நெகட்டிவை ஸ்கேன் செய்து, சின்ன அளவில் கம்ப்யூட்டரில் வைத்து, எங்கே வெளிச்சத்தை மறைக்க வேண்டும், எங்கே கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று ஒத்திகை பார்ப்பது. வானம் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாவது ஒரு ஸ்டாப்) கூட இருட்ட வேண்டும், முகம் அரை ஸ்டாப் வெளுக்க வேண்டும் என்று முடிவானால், அடிப்படை நேரம் 10 நொடி என்று வையுங்கள்: வானத்துக்கு இன்னொரு 10 நொடி, முகத்துக்கு 3 நொடி மறைப்பு. இதை ஒரு சாதாரணத் தாளில் படத்தோடு பிரிண்ட் எடுத்து, எண்களை மேலே எழுதிக்கொண்டு என்லார்ஜர் முன்னால் நில்லுங்கள். கடைசிப் பிரிண்ட் முழுக்க முழுக்கப் பழைய முறைதான், கம்ப்யூட்டர் வெறும் ஒத்திகை மேடை. காகிதம் விற்கும் விலைக்கு இது பெரிய மிச்சம். அப்பாவின் நெகட்டிவ்களுக்கு இதைவிட மரியாதையான முறை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, திருத்திய படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டி, அதைக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் படம் பிடிப்பது. அறையை முழுதாக இருட்டாக்கி, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஒரு நொடிபோல நீண்ட ஷட்டர் கொடுத்தால் திரையின் துடிப்பு பதியாது. திரையில் பாசிட்டிவாகவே காட்டலாம், ஃபிலிம் தானாக நெகட்டிவாகிவிடும். அதை என்லார்ஜரில் மாட்டி வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். பிக்சல் கோடுகள் தெரிந்துவிடும் தொல்லை உண்டு. செலவில்லாமல் என்லார்ஜரை ஓட்டிப் பார்க்க நல்லது, பெரிய பிரிண்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நான் உங்களைத் தள்ளிவிட விரும்புவது நாலாவது வழியில். டிஜிட்டல் நெகட்டிவ். திருத்திய படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் தலைகீழாக மாற்றி, இடவலம் திருப்பி, இங்க்ஜெட் பிரிண்டரில் தெளிவான ஃபிலிம் ஷீட்டில் அச்சடிப்பது. அந்த ஷீட்டைக் காகிதத்தின் மேல் மை பக்கம் படும்படி வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெளிச்சம் காட்டுவது. இது காண்டாக்ட் பிரிண்ட், அதாவது நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ பிரிண்டும் அவ்வளவே. ஏ4 ஷீட் என்றால் ஏ4 படம். என்லார்ஜர் இதற்கு வெறும் விளக்குதான், சயனோடைப்புக்கு அதுவும் வேண்டாம், வெயில் போதும்.

இந்த வேலைக்குக் கொங்கு நாட்டில் இருப்பது ஒரு பாக்கியம். திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளில் தினமும் நடப்பது கிட்டத்தட்ட இதே வேலை: டிசைனை ஃபிலிமில் பாசிட்டிவாக எடுத்து, எமல்ஷன் பூசிய ஸ்கிரீனில் வைத்து, புற ஊதா விளக்குப் பெட்டியில் எக்ஸ்போஸ் செய்கிறார்கள். எனவே இங்க்ஜெட் ஃபிலிமுக்கு நீங்கள் வெளிநாட்டுக்கு ஆர்டர் போட வேண்டியதில்லை, ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். எக்ஸ்போசிங் பெட்டி வைத்திருக்கும் பட்டறைக்காரர் பழக்கமானால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஃபிலிம் எடுக்கும்போது படத்தை ஹாஃப்டோன் புள்ளிகளாக உடைத்து, மையைக் கெட்டிக் கருப்பாக அடிப்பார்கள். நமக்கு வேண்டியது புள்ளி இல்லாத, கருப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக இறங்கும் நெகட்டிவ். சொல்லாமல் கொடுத்தால் புள்ளி போட்டுத்தான் தருவார்கள், அது அவர்கள் தவறு இல்லை.

சயனோடைப் 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சரி, ஏனென்றால் மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்திலேயே வேலை செய்யலாம், வெள்ளி இல்லை, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் ரசாயனமும் இல்லை. பச்சை வகை ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமைத் தனியாக 100 மி.லி.யில் கரையுங்கள். வேண்டும்போது இரண்டையும் சம அளவு கலந்து காகிதத்தில் தூரிகையால் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். கையுறை போடுங்கள். ஃபெர்ரிசயனைடை வீரியமான அமிலத்தின் பக்கமும் சூட்டின் பக்கமும் கொண்டுபோகவே கூடாது. ஸ்கிரீன் பட்டறைகளில் கிடைக்கும் டைக்ரோமேட்டை வைத்துச் செய்யும் முறைகளும் உண்டு, ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வீட்டில் வைத்துச் செய்கிறவருக்கு அதை நான் சொல்லிக்கொடுக்கமாட்டேன்.

இனி, பெரும்பாலோர் பொறுமை இழக்கும் இடம். ஃபிலிமில் மை படியும் விதமும் காகிதம் வெளிச்சத்தை வாங்கும் விதமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதைப் பொருத்துவதுதான் இந்தக் கலையில் பாதி.

முதலில் நேரம். மை எதுவும் படாத வெறும் ஃபிலிம் துண்டைப் பூசிய காகிதத்தின் மேல் வைத்து, அட்டையால் மறைத்து மறைத்து 2, 4, 6, 8, 10 நிமிடம் என்று பட்டை பட்டையாக வெயில் காட்டுங்கள். கழுவிக் காயவைத்துப் பார்த்தால், ஒரு கட்டத்துக்கு மேல் நீலம் ஆழமாவது நின்றுபோயிருக்கும். நின்றுபோன இடத்தில் முதல் பட்டை எதுவோ அதுதான் உங்கள் நேரம். இனி அதை மாற்றவே கூடாது. படம் இருட்டாக வந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று கை பரபரக்கும். குறைத்தால் ஆழ்ந்த நீலம் போய்ப் படம் சோகை பிடித்துவிடும். சரிசெய்ய வேண்டியது நெகட்டிவைத்தான்.

அடுத்து கட்ட அட்டை. 0 முதல் 100 வரை ஐந்தைந்தாக ஏறும் 21 சாம்பல் கட்டங்களை, படத்தைப் போலவே தலைகீழாக்கி ஃபிலிமில் அச்சடித்து, அதே நேரத்துக்கு வெயில் காட்டுங்கள். கழுவிக் காய்ந்தபின் வெள்ளை முனையைப் பாருங்கள். காகித வெண்மை வரவில்லை, லேசாக நீலம் ஏறியிருக்கிறது என்றால் உங்கள் மை புற ஊதாவைப் போதுமான அளவு தடுக்கவில்லை. பிரிண்டர் செட்டிங்கில் மை அதிகம் இறங்கும் காகித வகையைத் தேர்ந்தெடுங்கள். டேங்க் பிரிண்டர்களில் வரும் டை மையைவிட பிக்மென்ட் மை பொதுவாக நன்றாகத் தடுக்கும். ஆனால் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புற ஊதா கண்ணுக்குத் தெரியாது, கட்ட அட்டை சொல்வதுதான் கணக்கு.

வெள்ளையும் ஆழ்ந்த நீலமும் சரியாக வந்தபின், நடுவில் உள்ள கட்டங்களைச் சரிசெய்ய வேண்டும். அட்டையை ஸ்கேன் செய்து ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு இருண்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் 50 என்று அனுப்பிய கட்டம் காகிதத்தில் 75 அளவுக்கு இருண்டு வந்திருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் படத்தில் 75 வேண்டிய இடத்துக்குத்தான் 50-ஐ அனுப்ப வேண்டும். போட்டோஷாப்பில் வெளிச்ச அளவை வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸில் 75-இல் ஒரு புள்ளி வைத்து அதை 50-க்கு இறக்குங்கள். இப்படி ஆறேழு புள்ளி வைத்தால் ஒரு வளைவு கிடைக்கும். அதை மையின் பெயர், காகிதத்தின் பெயர், ரசாயனத்தின் பெயரோடு சேமித்து வையுங்கள். படத்தைத் திருத்தி முடித்து, தலைகீழாக்குவதற்கு முன்னால் அதைப் போட வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் வளைவை மறுபடி எடுக்க வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. இணையத்தில் கிடைக்கும் இன்னொருவரின் வளைவு அவர் வீட்டு மைக்கும் அவர் வீட்டுக் காகிதத்துக்கும்தான் பொருந்தும்.

இதெல்லாம் முடிந்தபின்தான் படத்தைத் திருத்தும் வேலைக்கு உண்மையான அர்த்தம் வரும். நம் ஊர்ப் படம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையோடு, வெயிலில் கருத்த ஒரு விவசாயி, பின்னால் தென்னந்தோப்பு. வேட்டியின் மடிப்பும் தெரிய வேண்டும், கன்னத்தின் சுருக்கமும் தெரிய வேண்டும். என்லார்ஜரில் இதைச் செய்யக் கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையை முகத்தின் மேல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் பிசகினால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் விழும். கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் மாஸ்க் செய்து கர்வ்ஸால் தூக்கினால் விளிம்பு தெரியாது. கலப்பு முறையின் பெரிய லாபம் இதுதான்.

ஆனால் எவ்வளவு தூக்குவது? நல்ல திரை சுமார் பத்து ஸ்டாப் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். பளபளப்பான சில்வர் காகிதம் சுமார் ஏழு ஸ்டாப் காட்டும். பளபளப்பில்லாத காகிதத்தில் சயனோடைப் நாலரை ஸ்டாப் காட்டினால் பெரிது. திரையில் அழகாகத் தெரியும் முகம், இந்த நாலரைக்குள் நசுங்கும்போது நீலக் குழம்பாகிவிடும். அதனால் திரையில் பார்க்கும்போது முகம் தேவைக்கு மேல் வெளுத்திருக்கிறது என்று உங்களுக்கே கூச்சமாக இருக்கும் அளவுக்குத் தூக்குங்கள். தோப்பின் நிழலில் உள்ள விவரங்களைத் தியாகம் செய்யுங்கள், அது கெட்டியாக இருட்டினால்தான் வேட்டி வெளுப்பாகத் தெரியும். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால் எதுவும் நிற்காது.

முகத்தை மெழுகுவதையும் விட்டுவிடுங்கள். கல்யாண ஆல்பத்துக்குப் பழகிய கை தோலைத் துடைக்கத்தான் போகும். திரையில் பொறுத்துக்கொள்ளலாம், கையால் பூசிய காகிதத்தில் அது செத்த முகமாகத் தெரிகிறது. போலி கிரெய்ன், போலி ஓரக்கறை போடும் ஃபில்டர்களும் வேண்டாம். தூரிகை ஓடிய தடம் காகிதத்திலேயே நிஜமாக இருக்கப் போகிறது.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. பனியன் வெட்டுத் துணியிலிருந்து செய்யும் பருத்திக் கைக்காகிதம் பார்க்கவும் தொடவும் அருமையாக இருக்கும். ஆனால் சில காகிதங்களில் சுண்ணாம்பு கலந்திருப்பார்கள், அந்தக் காரம் சயனோடைப்பின் நீலத்தைத் தின்றுவிடும். வாங்குமுன் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரை எழும்பினால் அந்தக் காகிதம் வேண்டாம்.

இதே காரத் தொல்லை தண்ணீரிலும் உண்டு. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் கழுவிய பிரிண்டும், அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் போர் தண்ணீரில் கழுவிய பிரிண்டும் ஒன்றாக இருக்காது. உப்புத் தண்ணீரில் நீலம் வெளிறும், காய்ந்தபின் வெள்ளைத் திட்டும் விழும். முதல் கழுவலுக்கு ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு போடுங்கள், அவ்வளவு போதும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். மாசி, பங்குனியில் மத்தியான வெயில் ஒரே சீராக இருக்கும், வளைவு எடுக்க அதுதான் நேரம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும்போது, ஐந்து நிமிடத்துக்குள் வெயிலும் நிழலும் மாறி மாறி வந்து கணக்கைக் குலைத்துவிடும். அந்த மாதங்களில் திருப்பூர்க்காரரின் பெட்டியை நம்புங்கள்.

சயனோடைப்பில் கை தேர்ந்தபின் அப்பாவின் டிரேக்களுக்கு வாருங்கள். அதே டிஜிட்டல் நெகட்டிவை சில்வர் காகிதத்தின் மேல் வைத்து, என்லார்ஜரில் நெகட்டிவ் எதுவும் மாட்டாமல், லென்ஸ் துளையை எஃப்11 அளவுக்குச் சுருக்கி, சில நொடி வெளிச்சம் கொடுத்தால் போதும். இதற்குத் தனி வளைவு வேண்டும். நெகட்டிவைக் கருப்பு, சாம்பல் மையில் மட்டும் அச்சடியுங்கள். மல்டிகிரேடு காகிதம் நீல வெளிச்சத்துக்கும் பச்சை வெளிச்சத்துக்கும் வெவ்வேறு கான்ட்ராஸ்ட் கொடுக்கும் என்பதால், மையில் நிறம் கலந்தால் கணக்கு தப்பும். வழுவழுப்பான காகிதத்தில் வானம், கன்னம் போன்ற இடங்களில் பிரிண்டரின் புள்ளிகள் தெரியக்கூடும். பிரிண்டரை மிக நுணுக்கமான தரத்தில், வேகமாக அடிக்கும் வசதியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். அப்படியும் தெரிந்தால் மேட் காகிதத்துக்கு மாறுங்கள்.

அலமாரியில் பழைய காகிதப் பெட்டிகள் இருக்கலாம். உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ காகிதம்கூடக் கிடைக்கலாம். அந்த ஆலை இன்று இல்லை. தூக்கிப் போடுமுன் சிவப்பு விளக்கில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை நேரே ஃபிக்ஸரில் (படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனம்) போடுங்கள், மற்றதை டெவலப்பரில் போட்டுப் பிறகு ஃபிக்ஸரில் போடுங்கள். இரண்டும் ஒரே வெண்மை என்றால் காகிதம் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது சாம்பலாக வந்தால் காகிதம் புகை பிடித்துவிட்டது, அதாவது வெளிச்சம் காட்டாமலே கருக்கிறது.

டெவலப்பருக்கு 20 டிகிரி என்று டப்பாவில் எழுதியிருக்கும். சித்திரையில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அதற்குப் பக்கத்தில்கூட வராது. விடியற்காலையில் வேலை செய்யுங்கள், இல்லையென்றால் ஐஸ் போட்ட பாட்டிலை டிரேயில் மிதக்கவிடுங்கள். விசைத்தறி ஓடும் ஊராக இருந்தால் என்லார்ஜருக்கு ஒரு ஸ்டெபிலைசர் அவசியம். வோல்டேஜ் இறங்கினால் பல்பு மங்குவதோடு சிவந்தும் போகும், நீலம் குறைவதால் மல்டிகிரேடு காகிதத்தில் கான்ட்ராஸ்டும் இறங்கிவிடும். நேரத்தைக் கூட்டி மட்டும் அதைச் சரிக்கட்ட முடியாது.

கடைசியாக, தீர்ந்துபோன ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, வாய்க்காலில் கலந்தால் மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் விஷம். நொய்யலுக்கு நாம் செய்தது போதும். ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, அதில் இரும்பு நார் போட்டு வையுங்கள். இரும்பு கரைந்து, வெள்ளி கருஞ்சேறாக அடியில் படியும். அளவு சேர்ந்தபின், எக்ஸ்ரே லேபுகளிடம் பழைய ஹைப்போ (ஃபிக்ஸர்தான்) வாங்கிப் போகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடலாம். உங்கள் அப்பாவுக்குப் பழக்கமான ஆள் யாராவது இருப்பார், அவரிடமே கேளுங்கள்.